உங்களுக்குத் தெரியுமா? கற்பனை மனிதர் பெயரில் தங்கப் பதக்கம்!

அந்நிய மண்ணில் உயிரைப் பணயம் வைத்துப் படமெடுக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு, அமெரிக்காவின் ஓவர்சீஸ் பிரஸ் கிளப் 1955 முதல் வழங்கிவருவது ராபர்ட் காப்பா தங்கப் பதக்கம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரில் யாரும் பிறக்கவே இல்லை!

புடாபெஸ்ட்டில் பிறந்த எந்த்ரே ஃப்ரீட்மனும் அவருடைய காதலி கெர்டா டாரோவும், பாரிஸில் வயிற்றுப்பாட்டுக்காகக் கட்டிவிட்ட ஆள்தான் 'காப்பா'. பெரிய பணக்காரர், அமெரிக்கர், படத்துக்கு விலை கூடுதல் என்றெல்லாம் கதைவிட்டார்கள். குட்டு உடைந்த பிறகும் பெயர் ஃப்ரீட்மனோடு ஒட்டிக்கொண்டது. டாரோ 1937இல் ஸ்பெயின் போர்க்களத்தில் டாங்கி மோதி இறந்தார். காப்பா 1954 மே 25 அன்று வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்து உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 40.

பதக்கத்தை முதன்முதலில் வென்ற பெண், பிரான்சின் கேத்தரின் லெரோய். 1976இல் பெய்ரூட் உள்நாட்டுப் போர்ப் படங்களுக்காக அது கிடைத்தது. என்னைக் கேட்டால், 1967லேயே கொடுத்திருக்கலாம். வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்களோடு பாராசூட்டில் குதித்துப் படமெடுத்தவர் அவர்; உயரம் சுமார் ஐந்தடிதான்! போர்ப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் நாக்ட்வேயோ இதை ஐந்து முறை வென்றவர்.

போர் இல்லாமலும் இது கிடைத்திருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நச்சால் முடங்கியவர்களைப் படமெடுத்த யூஜின் ஸ்மித்துக்கு 1974ஆம் ஆண்டின் பதக்கம். அந்த வேலையின்போது, நச்சுக் கழிவை வெளியேற்றிய ரசாயன ஆலையின் ஆட்கள் அவரை அடித்துத் துவைத்திருந்தார்கள்.