'வீ' என்னும் சொல்: தோற்றமும் வழக்கும்

தமிழில் மலரைக் குறிக்கும் சொற்களுள் இன்றைய வழக்கில் பெரிதும் அருகிவிட்டது 'வீ' என்பதாகும். நன்னூல் எண்ணிக் கூறும் 42 ஓரெழுத்தொருமொழிகளுள் இதுவும் ஒன்று. மலரின் நிலைகளை அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பாகுபடுத்திய தேவநேயப் பாவாணர், மரஞ்செடியினின்று கீழே விழுந்த பூவையே வீ என்றார். பள்ளிப் பாடநூல் வழியாகவும் இவ்விளக்கம் பரவியுள்ளது. சங்கப் பாடல்களை மொழிபெயர்ப்போர் இப்பொருளையே எல்லா இடத்தும் கொள்ளலாமா என்பது ஆராயத்தக்கது.

அரும்பு, மலர், அலர், பூ ஆகியன பெயராகவும் வினையடியாகவும் நிற்பன. வீ என்பதும் அவ்வாறே. வீதல் என்பதற்கு நீங்குதல், அழிதல், சாதல் என்பன பொருள். திருக்குறளில் (207, 208) வரும் 'வீயாது' என்பது இவ்வினையின் எதிர்மறை வினையெச்சம். ஆகவே, உதிர்ந்து நீங்கும் இயல்பினது என்னும் கருத்தில் இப்பெயர் தோன்றியதெனக் கொள்ள இடமுண்டு.

எனினும், சொல்லின் தோற்றப்பொருள் வழக்குப்பொருளை முற்றிலும் வரையறுப்பதில்லை. குறுந்தொகை 47ஆம் பாடலில், வேங்கையின் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டிபோலத் தோன்றுகிறது. அங்கே 'வீ' என்பதை அடுத்து 'உகு' என்னும் வினை வருகிறது. வீ என்பதே விழுந்த பூவாயின் உகுதல் மிகையாகும். உகுவதற்கு முன்னும் அது வீயே என்பது இதனால் பெறப்படும். அந்நூலின் 328ஆம் பாடலிலோ, வீ என்பது ஞாழல் மரத்திற்கு அடைமொழியின் பகுதியாய், சிறிய பூக்களையுடையது என்ற பொருளில் வருகிறது. அங்கு உதிர்தற்கருத்துக்கே இடமில்லை.

எனவே, உதிர்ந்த நிலையை இச்சொல்லினின்று மட்டும் வருவித்தல் பொருந்தாது. உடன் வரும் வினையும் தொடரமைப்புமே அதனைத் தெளிவுறுத்தும். முதற்பாடலில் உதிர்தலை வினையால் பெயர்த்து, வீயைப் 'பூ' என்றளவில் நிறுத்தினால் போதும். இரண்டையும் உதிர்தலாகப் பெயர்த்தால் கூறியது கூறலாகும். இரண்டாம் பாடலில் 'உதிர்ந்த பூ' எனப் பெயர்த்தால், மரத்தின் இயல்பைச் சுட்டும் அடை தரையில் கிடக்கும் பூவைப் பற்றிய செய்தியாகத் திரிந்துவிடும். ஐந்நிலைப் பாகுபாடு சொல்வளத்தை உணர்த்தும் நல்ல கருவியே. ஆயினும் பாடலின் பொருளை முடிவு செய்ய வேண்டியது பாடலின் வழக்கேயாகும்.