இரும்பை வெட்டும் முன்னே...

வீடு கட்டி முடித்த பின், குழாய் பதிக்க மறந்தோமென்று சுவரை இடிப்போரைக் கண்டிருக்கிறோம். அந்த நட்டம் சில செங்கற்களோடு முடிந்துவிடும். கப்பலில் அத்தவறு நேர்ந்தால்?

முற்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் பரந்த மரத்தரை ஒன்று இருக்கும். கப்பலின் வளைவுகளை முழு அளவிலேயே அத்தரையில் வரைவர். அக்கோடுகளைக் கொண்டு மரச்சட்டங்களால் மாதிரிகள் செய்து, அவற்றின்படி தகடுகளை வெட்டுவர். 1960களில் நார்வே நாட்டில் உருவான 'ஆட்டோகான்' என்னும் கணிப்பொறி நிரல் அப்பணியை ஏற்றது. தகடு வெட்டும் இயந்திரங்களுக்கும் அதுவே கட்டளை வழங்கிற்று.

இன்றோ குழாய், மின்வடம், ஏணி யாவும் முதலில் திரையிலேயே பொருத்தப்படுகின்றன. ஒன்றன் வழியை மற்றொன்று மறித்தால் கணிப்பொறி காட்டிக் கொடுத்துவிடும். எப்பகுதியை எப்பொழுது கட்டுவது, எவ்வளவு எஃகு வேண்டும் என்னும் திட்டமும் அதிலிருந்தே பிறக்கிறது. கொச்சியில் கட்டப்பெற்று 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த 'விக்ராந்த்' 262 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 2,300 அறைகளும் உடையது. அது முழுவதும் திரையில் முப்பரிமாண உருப்பெற்று, கட்டுமான வரைபடங்கள் அவ்வுருவிலிருந்தே எடுக்கப்பட்டன.

ஆயினும், தரப்பட்ட எண் தவறாயின் கணிப்பொறியின் விடையும் தவறே. ஸ்பெயின் நாட்டின் எஸ்-80 வகை நீர்மூழ்கிக் கப்பலின் எடை, கணக்கை மீறியிருந்தது 2013இல் வெளிப்பட்டது. மூழ்கினால் மீண்டும் மேலெழுமா என்பதே ஐயமாயிற்று! உடலைச் சுமார் 10 மீட்டர் நீட்ட நேர்ந்தது; முதற்கப்பல் 2023 நவம்பரில்தான் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குக் கணிப்பொறி கற்பிக்கும் பெற்றோர், போட்ட கணக்கை மீண்டும் சரிபார்க்கும் பழக்கத்தையும் உடன் கற்பிப்பார்களாக!