சாளக்கிராமம் பிறக்கும் நதிக்கரையோடு ஒரு யாத்திரை

தமிழகத்து வைதிக இல்லங்கள் பலவற்றில், பூஜை மாடத்துச் சம்புடத்துக்குள் சாளக்கிராம மூர்த்தி எழுந்தருளியிருக்கிறார். பாட்டனார் காலம் தொட்டுத் திருமஞ்சனமும் திருத்துழாயும் கண்டுவரும் அந்தக் கருநிறக் கல், நேபாள தேசத்துக் கண்டகி நதியின் படுகையில் பிறந்தது. பிற விக்கிரகங்களுக்கு வேண்டப்படும் பிராணப் பிரதிஷ்டை இதற்குத் தேவையில்லை. பகவான் அதனுள் தானாகவே சாந்நித்தியம் கொண்டுள்ளான் என்பது ஆன்றோர் கொள்கை. அம்மூர்த்தியின் பிறப்பிடம் நோக்கிச் செல்லும் வழியே போக்ரா நகரிலிருந்து முக்திநாத் வரை நீளும் மலைச்சாலை.

108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமமாக முக்திநாத்தை வைணவப் பெருமக்கள் பலர் போற்றுகின்றனர். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களால் இத்தலத்தை மங்களாசாசனம் செய்திருக்கிறார். முன்னாளில் அடியார்கள் பல நாள் நடந்தே அடைந்த இத்தலத்துக்கு, இந்நூற்றாண்டில் அமைந்த சாலையால் இப்போது வாகனத்திலேயே செல்லலாம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் இத்தரிசனம் கைகூடுகிறது.

ஆயினும் அந்த எளிமைக்குள்ளேயே ஓர் அபாயமும் உண்டு. போக்ரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. முக்திநாத்தோ ஏறத்தாழ 3,700 மீட்டர். இடைத்தூரம் சுமார் 180 கி.மீ. மட்டுமே. வாகனம் ஒரே பகலில் ஏறிவிடும். உடல் அவ்வாறு ஏறாது. ஆகவே இவ்வழியில் தங்கிச் செல்லும் இடங்கள் வெறும் காட்சிக்காக மட்டும் அமைந்தவை அல்ல. முதியோரைப் பத்திரமாகப் பெருமாளின் சந்நிதியில் கொண்டு சேர்க்கும் படிகளும் அவையே.

மழையூரிலிருந்து மலைக்கு

போக்ராவில் விந்தியவாசினி தேவியையும், பேவா ஏரியின் நடுத்தீவில் அமர்ந்த வாராஹி அன்னையையும் வணங்கிப் புறப்படுவது வழக்கம். வானம் தெளிந்த காலையில், மீனின் வாலைப் போலப் பிளந்து நிற்கும் மச்சாபுச்சரே சிகரம் நகரின் தலைமேல் ஒளிரும்.

சாலை முதலில் லும்லே என்னும் ஊரைக் கடக்கிறது. நேபாளத்திலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்று அது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அடுத்துப் பெனி நகரை அடையும் முன்பே காளி கண்டகி உடன் வரத் தொடங்குகிறாள். அருகிலுள்ள கலேஷ்வரத்தில் ஒரு பெரும்பாறையின் மீது சிவாலயம் அமைந்திருக்கிறது. ஜடபரதர் தவமிருந்த இடம் இதுவே என்பது அவ்வூர் மரபு. அரசாட்சியைத் துறந்து கண்டகிக் கரையில் தவம் செய்த பரத மன்னர், தாயிழந்த மான்குட்டி ஒன்றின்மேல் வைத்த பாசத்தால் மறுபிறவியில் மானாகப் பிறந்த கதையை ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் விரிக்கிறது.

பெனிக்கு மேல் சாலை குறுகி, மேடுபள்ளம் மிகுகிறது. சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள தாதோபானியில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஊரின் பெயருக்கே வெந்நீர் என்றுதான் பொருள். குலுங்கிக் களைத்த உடம்புக்கு இங்கு ஓர் இரவு தங்கல் மிகவும் உகந்தது. சற்று மேலே ரூப்சே அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. வாகனத்தை விட்டு இறங்கிய இடத்திலிருந்தே காணலாம்.

இரு பெருமலைகளின் நடுவே

காசா என்னும் சிற்றூருக்குப் பின் நிலத்தின் நிறம் மாறுகிறது. வெப்பமண்டலச் செடிகொடிகள் மறைந்து பைன் மரங்கள் தோன்றுகின்றன. ஒருபுறம் 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரி. மறுபுறம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. இரண்டுக்கும் இடையே, ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே, காளி கண்டகி ஓடுகிறாள். உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளுள் இது ஒன்று. மலைகள் எழுவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த நதி, அவை எழ எழ அறுத்துக்கொண்டே தன் வழியைக் காத்துக்கொண்டது என்று நிலவியல் அறிஞர்கள் விளக்குகின்றனர்.

சுமார் 2,500 மீட்டர் உயரத்திலுள்ள காலோபானியிலோ, சற்று மேலே ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த மார்பாவிலோ இரண்டு இரவுகள் தங்குவது முதியோருக்கு இன்றியமையாதது. வெள்ளையடித்த தட்டைக் கூரை வீடுகளும், கூரைமேல் அடுக்கிய விறகும், கல் பாவிய தெருக்களும் மார்பாவின் அழகு. இங்கு வாழும் தகாலி மக்களின் முன்னோர், திபெத்திலிருந்து வந்த உப்பையும் தெற்கிலிருந்து வந்த தானியத்தையும் மாற்றி வாணிகம் செய்தவர்கள்.

பனிமலைகளின் பின்புறப் பாலை

தெற்கிலிருந்து வரும் மேகங்களை அன்னபூர்ணாவும் தவளகிரியும் தடுத்துவிடுவதால், அவற்றின் பின்புறம் மழை மறைவு நிலமாகிறது. ஜோம்சோமில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. மரமற்ற செம்மண் குன்றுகள், காற்று அரித்த பாறைகள், அகன்ற கூழாங்கல் படுகை, அதற்கு மேல் வெண்பனி எனப் பாலையும் பனியும் ஒரே பார்வையில் அடங்கும் காட்சி இது. முற்பகல் கழிந்ததும் பள்ளத்தாக்கில் கடுங்காற்று எழும். ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டுமே பறப்பதன் காரணம் இதுதான். சாலை வழியே செல்வோரும் காலையிலேயே பயணத்தை முடித்துக்கொள்வது நலம். புழுதிக்கு முகமூடி அவசியம்.

சாளக்கிராமங்கள் கிடைப்பது இந்தப் படுகையில்தான். வஜ்ரகீடம் என்னும் பூச்சி கல்லைக் குடைந்து சக்கரம் வரைவதாகப் புராணங்கள் கூறும். இமயம் எழுவதற்கு முன் இங்கு விரிந்திருந்த கடலில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரினங்களின் படிவம் இக்கற்களில் உள்ளது என்பது அறிவியலின் கூற்று. திருப்பாற்கடல் வாசனின் வடிவமாக வணங்கப்படும் கல், கடலின் அடியிலிருந்தே மலையேறி வந்திருக்கிறது என்பதை எண்ணும்போது மனம் நெகிழாமல் இராது.

காக்பேனி என்னும் சங்கமத்தில் முன்னோர்க்குப் பிண்டம் அளிப்பது மரபு. அங்கிருந்து சாலை செங்குத்தாக ஏறி, ராணிபவுவா என்னும் ஊரில் முடிகிறது. அதன்பின் ஆலயம் வரை ஏறு நடை. நடக்க இயலாதோருக்குக் குதிரைகள் கிடைக்கும்.

108 தாரைகள்

முக்திநாதர் ஆலயம் சிறியது; பகோடா அமைப்பில் எழுந்தது. பின்புறம் அரைவட்டச் சுவரில் 108 பசுமுகத் தாரைகள் வழியே பனிநீர் இடையறாது பொழிகிறது. முன்புறம் இரண்டு குளங்கள். அருகிலுள்ள ஜ்வாலா மாயி சந்நிதியில், நிலத்தடி வாயுவால் எரியும் சுடர் நீருக்குப் பக்கத்திலேயே நின்றொளிர்கிறது. பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம். பௌத்தத் துறவு மகளிரும் இங்கு வழிபாட்டுப் பணி செய்கின்றனர்.

இளையோர் 108 தாரைகளின் கீழும் ஓடி நீராடுவர். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் அதனைப் பின்பற்ற வேண்டியதில்லை. தீர்த்தத்தைச் சிரசில் புரோட்சித்துக்கொள்வதே போதும். தரிசனம் முடிந்ததும் மேலே தங்காமல் ஜோம்சோமுக்கு இறங்கி உறங்குவது பாதுகாப்பு. மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்ற காலம். மழைக்காலத்தில் கீழ்ப்பகுதிச் சாலையில் மண்சரிவு நேரும். இந்தியர்க்கு விசா வேண்டாம். கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ உடன் இருக்கவேண்டும். புறப்படுமுன் மருத்துவரின் ஒப்புதலும் பெறவேண்டும்.

வழியில் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் தோன்றினால் மேலே ஏறலாகாது. உடனே இறங்குவதே மருந்து. இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா என்ற தயக்கமே பலருக்கு இடராகிறது. அவ்வாறு ஜோம்சோமிலிருந்து திரும்ப நேர்ந்தவரும் வெறுங்கையோடு திரும்பியவர் அல்லர். அவ்வூரின் ஓரமாகவே கண்டகி ஓடுகிறாள். அவளது நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், எம்பெருமான் கல்லாய்க் கிடந்து அருள்புரியும் படுகையைத் தரிசித்தவரே ஆவார்.