விளையில் நட்ட கல்

பம்பாய் திலக் நகர் ஸ்டேஷனில் இறங்கி, குர்லா டெர்மினஸுக்குப் பெட்டியும் அட்டைப்பெட்டியுமாக நடக்கும் கூட்டத்தில் நம்மூர்க்காரர்களுக்கு ஒருநாளும் குறைவில்லை. அந்த வழியில் ஒரு டீக்கடை. கட்டிங் சாயை ஆற்றிக்கொண்டே அண்ணாச்சி போனில் ஒரு படத்தை என் பக்கம் நீட்டினார்.

வள்ளியூர்ப் பக்கத்துச் செம்மண் விளை. பனைகளை வேரோடு சாய்த்து ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் வெள்ளை அடித்த குட்டைக் கற்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக.

"அப்பா சம்பாதிச்சு வாங்கிப் போட்ட இடம் தம்பி. சின்னவன் பிளாட் போடுதான். ஒரு ஸ்டே வாங்கிட்டா இடம் நமக்கு வந்துரும்லா?"

வராது. ஃபோர்ட்டில் ஒரு வக்கீலிடம் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இந்தக் கேள்வியோடு படியேறி வந்தவர்களை எண்ணி முடியாது. யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பாகப்பிரிவினை வழக்கு முடியும்போதுதான் கோர்ட் சொல்லும். அது முடிய வருஷங்கள் ஆகும். அதற்குள் சொத்து கைமாறிவிட்டால் எதைப் பிரிப்பது? அதுவரை நிலம் இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்பதுதான் ஸ்டே என்று நாம் சொல்லும் இடைக்கால உறுத்துக்கட்டளை. தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். அண்ணன் கையில் எதையும் எடுத்துக் கொடுக்காது.

1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் 39-ஆவது ஆர்டர் என்று ஒன்று உண்டு. வழக்கில் இருக்கும் சொத்து பாழாகும், சேதமாகும், கைமாறும் என்ற ஆபத்து இருந்தால் தடை கொடுக்கலாம் என்கிறது. கோர்ட் மூன்று விஷயம் பார்க்கும். முதல் பார்வைக்கே வழக்கில் சாரம் தெரிகிறதா? தடை கொடுப்பதால் எதிர்த்தரப்புக்கு வரும் கஷ்டம் பெரிதா, கொடுக்காவிட்டால் கேட்டவருக்கு வரும் கஷ்டம் பெரிதா? பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டமா?

அண்ணாச்சியின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி அந்த விளையில் உளுந்து போட்டார், நுங்கு வெட்டி விற்றார் என்று மட்டும் இருந்தால் தடை கிடைப்பது கடினம். பொதுச் சொத்தில் ஒவ்வொரு பங்காளியும் உடைமைக்காரர். அனுபவிக்காதே என்று சொல்ல முடியாது. பனையைச் சாய்த்துக் கல் நட்டு, நாற்பது பேருக்கு நாற்பது கிரயம் எழுதிக் கொடுப்பது வேறு கதை. நாளைக்கு வழக்கில் ஜெயித்தாலும் நாற்பது வாசலுக்கு அலைவது யார்?

"அப்ப இங்கேயே ஃபோர்ட்டுல போட்டுருவோமா?"

அதுவும் முடியாது. பாகம் கேட்கும் வழக்கு நிலம் இருக்கிற ஊர்க் கோர்ட்டில்தான். டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

"போட்டோ எப்ப வந்துச்சு?"

"பொங்கலுக்கு."

வெளியே ஆவணி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் பேச்சையும் கேட்டுத்தான் தடை கொடுக்க வேண்டும் என்பது விதி. நோட்டீஸ் போவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்றால் மட்டும், காரணத்தை எழுதிவைத்து, ஒருதலையாகக் கொடுக்கலாம். பொங்கலுக்குக் கல்லைப் பார்த்தவர் ஆவணியில் வந்து அவசரம் என்றால், "இத்தனை மாசம் என்ன செய்தீர்?" என்று நீதிபதி கேட்பார். பம்பாய்க்காரர்கள் கேஸில் தோற்பதைவிட இந்தக் கேள்வியில் தோற்பதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

அப்படியே ஒருதலைத் தடை கிடைத்தாலும், மனு நகல்களை எதிர்த்தரப்புக்கு உடனே அனுப்பி, அனுப்பினேன் என்று அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். 30 நாளில் அந்த மனுவை விசாரித்து முடிக்கக் கோர்ட் முயல வேண்டும். தம்பி விவரமானவர் என்றால் முன்கூட்டியே கேவியட் போட்டிருப்பார். அதன் ஆயுள் 90 நாள். அதுவரை அவருக்குச் சொல்லாமல் உத்தரவு வாங்க முடியாது. தடையை மீறினால் மீறியவர் சொத்து ஜப்தியாகலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையும் உண்டு.

தடையே கிடைக்காவிட்டால்? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரின் கிரயம் அடியோடு செல்லாமல் போகாது. ஆனால் வரும் தீர்ப்புக்கு அவரும் கட்டுப்பட்டவர். இதில் நம் ஆட்களுக்குத் தெரியாத ஒரு வித்தியாசம். வள்ளியூரில் வழக்கு நிலுவையில் இருந்தாலே இந்தப் பாதுகாப்பு வந்துவிடும். பம்பாயில் 1939-ல் கொண்டுவந்த திருத்தப்படி, வழக்கு இருக்கிறது என்ற அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் உண்டு. திலக் நகரில் மாடா என்ற வீட்டுவசதி வாரியத்தின் பில்டிங்குகள் இடிபட்டு டவராக எழும்பும் காலம் இது. அப்பா பெயரிலிருந்த ரூமுக்காக அண்ணன் தம்பி வழக்குப் போடும் வீடுகளில் இதை யாராவது சொல்ல வேண்டும்.

"பெரிய குடும்பத்துல எல்லாம் கேட்டதும் குடுத்துருவாங்களோ?"

அப்படியும் இல்லை. சிவாஜி கணேசனின் மகள்கள் இருவரும் 2022-ல் சகோதரர்கள் ராம்குமார், பிரபு மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் பாகம் கேட்டு வழக்குப் போட்டார்கள். இடைக்காலத் தடை கேட்ட மனு அந்த ஆண்டே தள்ளுபடியானது. மனு தள்ளுபடி என்றால் பங்கு இல்லை என்று பொருளல்ல; அதைப் பிரதான வழக்குதான் சொல்லும். பேப்பரில் தலைப்பை மட்டும் படிக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

டம்ளரின் அடியில் ஏலக்காய்த் தோல் மட்டும் மிச்சம். எழுந்திருக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது.

"வாரிசு சர்டிபிகேட்ல யார் யார் பேரு இருக்கு அண்ணாச்சி?"

"நான், சின்னவன், அம்மா. அக்கா பேரும் கெடக்கு. அவளைத்தான் கட்டிக் குடுத்தாச்சுல்லா."

"அப்பா உயில் எழுதினாரா?"

"இல்ல."

அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன சொத்து. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அதில் மகனும் மகளும் மனைவியும் சம பங்கு. கல்யாணம் ஆனதா இல்லையா என்ற பேச்சே இல்லை. 2005 திருத்தமும், அதற்கு உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்ன விளக்கமும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. இந்த விளைக்கு அந்த விவாதமே தேவையில்லை. அக்காவைச் சேர்க்காமல் பாக வழக்குப் போட்டால், சின்னவரின் வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைத்தான் பிடிப்பார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் போன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மூடிவிட்டு நம்பர் தேடினார். தேட நேரமானது; பேசி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். மழைச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "எக்கா, நான்தான்" என்றார்.