ஓர் ஊர்... இரண்டு கிளப்... பெரி ரசிகர்கள் போட்ட நான்கு வருடச் சண்டை!

63 சதவீதம் பேர் 'சரி' என்று சொல்லியும் ஒரு தீர்மானம் தோற்றுப்போனது. காரணம், ஜெயிக்க 66 சதவீதம் தேவை. 2022 அக்டோபரில் இங்கிலாந்தின் பெரி என்ற ஊரில் நடந்த அந்த ஓட்டெடுப்பு எந்தக் கட்சிக்கும் ஆட்சிக்குமானது அல்ல. ஒரே கால்பந்து கிளப்பை நேசித்த ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். மறுபடி ஒன்றாகலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. மூன்று சதவீத வித்தியாசத்தில் 'வேண்டாம்' ஜெயித்தது.

எல்லோருக்கும் கிளப் வேண்டும். எல்லோரும் ஒரே ஊர். பிறகு ஏன் இந்தச் சண்டை?

மான்செஸ்டரின் நிழலில் ஒரு சின்ன ஊர்

கால்பந்து பார்க்காதவர்களுக்கும் மான்செஸ்டர் தெரியும். அங்கிருந்து டிராமில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் பெரி வந்துவிடும். ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த ஊர். மக்கள்தொகை சுமார் 80 ஆயிரம். லண்டன் போலீஸை உருவாக்கிய ராபர்ட் பீல் பிறந்த மண். ஊர்ச் சந்தையும் அங்கே விற்கும் ரத்த சாஸேஜும் பிரபலம். அதே அளவுக்கு ஊருக்குப் பெருமை சேர்த்தது, 1885-ல் தொடங்கிய பெரி கால்பந்து கிளப். அதே வருடத்திலிருந்து அதன் மைதானம் கிக் லேன்.

சின்ன கிளப்தான். ஆனால், சாதாரண கிளப் அல்ல. இங்கிலாந்தின் பழம்பெரும் எஃப்.ஏ. கோப்பையை 1900, 1903 என இரண்டு முறை ஜெயித்திருக்கிறது. 1903 இறுதிப்போட்டியில் டெர்பி கவுன்ட்டியை 6-0 எனத் துவைத்து எடுத்தது. அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த இறுதிப்போட்டி சாதனையைச் சமன் செய்ய, கோடிகளைக் கொட்டும் மான்செஸ்டர் சிட்டிக்கே 2019 வரை ஆனது. அந்த மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் காலின் பெல், தன் ஆட்டத்தைத் தொடங்கிய இடமும் பெரிதான். மான்செஸ்டர் யுனைடெட் புகழ் கேரி நெவில், பில் நெவில் சகோதரர்களின் அம்மா இந்த கிளப்பில்தான் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐ.பி.எல்-லில் கடைசி இடம் பிடித்த அணியும் அடுத்த வருடம் அதே தொடரில் ஆடும். இங்கிலாந்துக் கால்பந்தில் அது நடக்காது. மேலே பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதற்குக் கீழே படிக்கு 24 என மூன்று படிகள். மொத்தம் 92 கிளப்கள். அவற்றுக்கும் கீழே படிப்படியாக நூற்றுக்கணக்கான ஊர் அணிகள். நன்றாக ஆடினால் ஏறலாம், சொதப்பினால் இறங்க வேண்டும். 1894-ல் இந்த லீக்கில் சேர்ந்த பெரி, 125 வருடங்கள் ஏறியும் இறங்கியும் அதற்குள்ளேயே இருந்தது. மேலிருக்கும் நான்கு படிகளிலும் தலா ஆயிரம் கோலுக்கு மேல் அடித்த முதல் கிளப் என்ற பெயரும் அதற்கு உண்டு.

ஒரு பவுண்டுக்கு விலைபோன கிளப்

கீழ்ப்படியில் இருக்கும் கிளப்களுக்கு டி.வி. வருமானம் குறைவு. டிக்கெட் காசும் ஊர் விளம்பரமும்தான் வாழ்வு. ஆனால், மேலே ஏறிவிட்டால் வருமானம் கூடும். அந்த ஆசையில் வரவுக்கு மீறிச் சம்பளம் கொடுத்து வீரர்களை வாங்குவது பல கிளப்களின் வியாதி. பெரியையும் அது பிடித்தது.

2013-ல் கிளப் ஸ்டூவர்ட் டே என்ற தொழிலதிபரின் கைக்குப் போனது. கடன் ஏறியது. மைதானமே அடமானத்துக்குப் போனது. கிக் லேனின் கார் பார்க்கிங் இடங்களைக்கூடத் தனித்தனியாக, ஒன்று கிட்டத்தட்ட பத்தாயிரம் பவுண்டு என முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவருக்கு கிளப் கைமாறியபோது அதன் விலை ஒரு பவுண்டு. அன்றைய கணக்கில் நூறு ரூபாய்கூட இல்லை! பெரி என்று ஒரு கால்பந்து அணி இருப்பதே முன்பு தனக்குத் தெரியாது என்று பின்னாளில் அவரே ஒரு பேட்டியில் சொல்லி, ரசிகர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

கொடுமை என்னவென்றால், களத்தில் அணி பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தது. முன்னாள் வீரர் ரயன் லோவ் பயிற்சியாளர். சம்பளம் சரியாக வராத நிலையிலும் வீரர்கள் ஆடி, 2019 ஏப்ரல் இறுதியில் அணியை மூன்றாம் படிக்கு ஏற்றினார்கள். ஊரே கொண்டாடியது. சில வாரங்களில் லோவ் வேறு கிளப்புக்குப் போனார். வீரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வீட்டு வாடகை கட்ட வேண்டியவர்கள்தானே அவர்களும்? அதே நேரம், 'நம்மால் கொடுக்க முடியாத சம்பளத்தில் சேர்த்த அணியின் வெற்றிக்குத்தானே நாமும் கைதட்டினோம்?' என்ற கசப்பான கேள்வியும் எழுந்தது. உரிமையாளரைத் திட்டுவது சுலபம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

துடைப்பத்தோடு வந்தவர்கள்

புதிய சீசன் தொடங்கியது. பெரியின் ஆட்டங்கள் மட்டும் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன. கிளப்பை நடத்தப் பணம் இருப்பதற்கான ஆதாரத்தை லீக் நிர்வாகம் கேட்டுக்கொண்டே இருந்தது. வரவில்லை. முன்னாள் இயக்குநர் ஒருவர் மைதானத்தின் தண்ணீர்க் குழாயோடு தன் கையை விலங்கால் பூட்டிக்கொண்டு போராடினார்.

கெடு நாள், 2019 ஆகஸ்ட் 27. ஒரு நிறுவனம் கிளப்பை வாங்கப்போவதாகச் செய்தி பரவியிருந்தது. வார இறுதியில் ஆட்டம் நடந்துவிடும் என்று நம்பிய ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாகக் கிளம்பிவந்து கிக் லேனின் இருக்கைகளைத் துடைத்தார்கள். அதே நாளில் பேரம் முறிந்தது. அன்று இரவே பெரி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1992-ல் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் வெளியேறியதற்குப் பிறகு இப்படி ஒரு கிளப்பை லீக் இழப்பது அதுவே முதல் முறை. பக்கத்து ஊரான போல்ட்டனின் கிளப்பும் அப்போது இதே ஆபத்தில்தான் இருந்தது. மறுநாளே வாங்க ஆள் கிடைத்து அது தப்பித்தது.

மைதானமா, மக்களா?

இதற்குப் பிறகுதான் உண்மையான வாக்குவாதம் ஆரம்பித்தது.

ஒரு தரப்பு, 'போனது போகட்டும். நாமே புது கிளப் தொடங்குவோம்' என்றது. 2019 டிசம்பரில் பெரி ஏ.எஃப்.சி. பிறந்தது. ரசிகர்களே முதலாளிகள். ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. சொந்த மைதானம் கிடையாது. பக்கத்து ராட்கிளிஃப் கிளப்பின் மைதானத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2020-ல் பத்தாம் படியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறியிருந்த மூன்றாம் படியோடு ஒப்பிட்டால் ஏழு படிகள் கீழே. 2022-ல் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்து ஒரு படி ஏறவும் செய்தார்கள்.

இன்னொரு தரப்புக்கு இது பொறுக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பழைய கிளப் சாகவில்லை. நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தாலும் பெயர், வரலாறு, இரண்டு கோப்பைகளின் பெருமை எல்லாம் அதனிடம்தான் இருந்தன. 'அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்' என்கிற மாதிரியான கோபம் அவர்களுக்கு. கிக் லேனை மீட்காமல் பெரி என்ற பெயரில் எங்கே ஆடினாலும் அது பெரி ஆகாது என்பது அவர்கள் வாதம்.

இவர்கள் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ரசிகர்களின் பணம், வெளிநாட்டிலிருக்கும் ஒரு ரசிகரின் பெரிய உதவி, பிரிட்டன் அரசின் சமூக நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டு என எல்லாவற்றையும் சேர்த்து, 2022 பிப்ரவரியில் கிக் லேனையும் கிளப்பின் பெயரையும் நினைவுப் பொருள்களையும் வாங்கியே விட்டார்கள்.

நிலைமையைப் பாருங்கள். ஒரு தரப்பிடம் மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை. மறு தரப்பிடம் அணி இருக்கிறது, ஆட சொந்த மைதானம் இல்லை. பாகம் பிரித்த பங்காளிகளில் ஒருவரிடம் கிணறும் மற்றவரிடம் வாளியும் மாட்டிக்கொண்ட கதை!

வெளியிலிருந்து பார்த்தால், 'சேர்ந்துகொள்ள வேண்டியதுதானே?' என்று தோன்றும். ஆனால், இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பணக்காரர் ஒருவரை நம்பி மோசம் போனவர்களுக்கு, மறுபடி யாரோ ஒருவரின் பெரிய பணத்தில் கிளப் நிற்பது பயமாக இருந்தது. ஓட்டுரிமை நீர்த்துப்போகுமோ என்று யோசித்தார்கள். மைதானத்தை மீட்டவர்களுக்கோ, இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பெயரைப் பிரிந்துபோனவர்களிடம் கொடுக்க வேண்டுமா என்ற வலி. இதில் யார் வில்லன் என்று சொல்லிவிட முடியாது.

தோற்ற ஓட்டும் ஜெயித்த ஓட்டும்

2022 அக்டோபரில் இரண்டு ரசிகர் சங்கங்களும் தனித்தனியே ஓட்டுப் போட்டன. இரண்டிலும் 66 சதவீதம் கிடைத்தால்தான் இணைப்பு. புது கிளப்பை நடத்திய சங்கம் பெரும் ஆதரவு கொடுத்தது. பழைய கிளப்பின் சங்கத்தில் விழுந்ததுதான் அந்த 63 சதவீதம். மைதானம் பூட்டியே கிடந்தது.

சட்டப்படி தோற்ற தீர்மானம் என்றாலும், இரு பக்கமும் பெரும்பான்மை சேரவே விரும்புகிறது என்பது அந்த ஓட்டில் தெரிந்துவிட்டது. மறுபடி பேசினார்கள். பயங்களை மேஜையில் வைத்துப் பேசினார்கள். 2023 மே மாதம் இரண்டாவது ஓட்டெடுப்பு. இந்த முறை இரண்டு சங்கங்களும் தேவையான அளவைத் தாண்டின. கால்பந்து சங்கமும் ஒப்புதல் கொடுக்க, 'பெரி எஃப்.சி.' என்ற பழைய பெயரிலேயே, கிக் லேனிலேயே, 2023-24 சீசனில் அணி களமிறங்கியது.

ஆடியது ஒன்பதாம் படியில். சில நூறு பேர் வந்தாலே பெரிய விஷயமாகக் கருதப்படும் லீக் அது. கிக் லேனுக்குச் சராசரியாக மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்! 2025-ல் அந்த லீக்கின் சாம்பியனாகி எட்டாம் படிக்கு ஏறியது பெரி.

சட்டம் வரை போன சத்தம்

பெரியின் வீழ்ச்சி அந்த ஊரோடு முடியவில்லை. ஊர் கிளப் ஒன்று தனி ஒருவரின் விருப்பப்படி அழியலாமா என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போனது. முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில், ரசிகர்களின் கருத்தைக் கேட்டு 2021-ல் ஓர் அறிக்கை வெளியானது. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. மேல் ஐந்து படிகளிலுள்ள கிளப்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு. வாங்க வருபவரின் தகுதியையும் பணத்தையும் அது சோதிக்கும். அதன் ஒப்புதல் இல்லாமல் மைதானத்தை விற்க முடியாது. கிளப்பின் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்றுவதிலும் ரசிகர்களின் குரலுக்கு இடம் உண்டு.

ஆனால், பெரி ரசிகர்கள் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. மைதானத்தை அடமானம் வைத்தபோதும், பார்க்கிங்கைக் கூறு போட்டபோதும், ஒரு பவுண்டுக்குக் கிளப்பைக் கைமாற்றியபோதும் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றும் சண்டை போட்டிருப்பார்கள். அப்படி ஒரு சண்டை நடந்திருந்தால் கிளப் பிழைத்திருக்கவும் கூடும். எல்லாவற்றையும் இழந்த பிறகுதான் அவர்கள் கைக்கு ஓட்டு வந்தது. ஓட்டு வந்ததும் கருத்து வேறுபாடும் வந்தது. நான்கு வருடங்களைத் தின்ற அந்த வேறுபாட்டுக்குத் தீர்வு கண்டதும் அதே ஓட்டுதான்.

இப்போது கிக் லேனில் வாக்குவாதம் ஓய்ந்துவிட்டதா? எந்த ஊர் அணியின் ரசிகரும் பேசுவதைத்தான் அவர்களும் பேச வேண்டியிருக்கிறது. அடுத்த படிக்கு எப்போது ஏறுவது, அதற்கு எவ்வளவு செலவு செய்வது, யாரை முன்வரிசையில் இறக்குவது... கிளப் இருக்குமா, இருக்காதா என்ற பேச்சு மட்டும் இல்லை. ஒரு கால்பந்து ரசிகருக்கு இதைவிட நிம்மதியான சண்டை வேறு என்ன இருக்க முடியும்?