நாய்க்கு வெடின்னா நடுக்கம், சிவகாசிக்கு வெடிதான் சோறு: யார் பக்கம் நிற்பது?

தீபாவளிக்கு முந்தைய வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் இரண்டு வகைப் பதிவுகள் கண்ணில் படும். 'எங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குது, ப்ளீஸ் வெடிக்காதீங்க' என்பது ஒன்று. 'நீங்க வெடி வாங்கலேன்னா சிவகாசிக்காரங்க என்ன பண்ணுவாங்க?' என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது. ஆனால், நாயையும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்துவது சரியா?

முதலில் நாய். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு 45,000 வரை எட்டும். பட்டாசுச் சத்தத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். அந்த அளவுகோலே மனிதக் காதுக்கு ஏற்றபடி அமைந்ததுதான். அதைவிட முக்கியமாக, இன்று தீபாவளி, நாளை இருக்காது என்பது நமக்குத் தெரியும். நாய்க்கு யார் சொல்வது?

ஆலைக்குள் என்ன நிலைமை?

மருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் லேசான உராய்வு போதும், தீப்பிடித்துவிடும். அதனால்தான் ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி. ஆனால் சீசன் நெருங்கும்போது ஆர்டர் முடிய வேண்டும், பீஸ் ரேட் கூலிக்குக் கை வேகமாக ஓட வேண்டும். உள்குத்தகை விட்ட இடத்தில் விதி பற்றிக் கேட்க ஆளே இருக்காது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

ராபர்ட் குடின் என்ற தத்துவ அறிஞர் 1985-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வாக்குக் கொடுத்ததால் மட்டும் பொறுப்பு வருவதில்லை; நம் முடிவால் யாருக்கு அடி விழுமோ, அவர்கள்மீது நமக்குப் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் நாயும் தொழிலாளியும் ஒரே பக்கம்தான். வெடியைத் தயாரிப்பதிலோ வெடிப்பதிலோ இருவரிடமும் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

வெடிக்காத ஊர்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியது. மரத்தில் கூடு கட்டியிருக்கும் நத்தைக்குத்தி நாரைகள் மிரளக் கூடாது என்று பல தலைமுறையாக அங்கே தீபாவளிக்கும் வெடி இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது.

அழகான கதைதான். ஆனால் அந்த ஊர் விட்டுக்கொடுத்தது தன்னுடைய சந்தோஷத்தை. நகரத்தில் உட்கார்ந்து 'தடை பண்ணுங்க' என்று ட்வீட் போடுபவர் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் வேறொருவர் கூலியை. 2018 அக்டோபரில் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. காற்று மாசு நிஜம், தடைக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அதன்பின் சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. வேலை இல்லாத நாளில் தினக்கூலிக்காரருக்குக் கூலியும் இல்லை.

இதே சிவகாசிக்காக இதே நீதிமன்றம் 1996-ல் வேறு மாதிரி யோசித்தது. எம்.சி.மேத்தா வழக்கில், குழந்தைத் தொழிலாளரை வேலையிலிருந்து எடுப்பதோடு நிற்கவில்லை. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி நிதியில் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி பார்க்க வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்குக்கு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. குழந்தையைக் காப்பாற்றும் செலவு அந்த வீட்டு அடுப்பில் விழக் கூடாது என்பது அப்போதே தீர்ப்பில் இருந்தது.