ரைட் ஆஃப் ஆகாத அரண்மனை!

பீட்டர்ஸ்பர்க்கில் எலெக்ட்ரிக் ரயில் ஏறினால் சுமார் அரை மணியில் பாவ்லவ்ஸ்க். ரோட்டைத் தாண்டினால் பூங்கா. கடலையை நீட்டினால் அணில் வந்து கையிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. முதுகில் கோடு கிடையாது. செம்பட்டை நிறம், காதில் குஞ்சம்!

நடந்தேன், நடந்தேன்... அரண்மனையைக் காணோம். பின்னே? பூங்கா மட்டும் சுமார் 600 ஹெக்டேர் ஸார்! நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். நடுவே ஸ்லாவ்யாங்கா என்ற சின்ன ஆறு. இயற்கை என்று நினைத்து ஏமாந்தேன். இலையுதிர் காலத்தில் எந்த மரம் மஞ்சளாகும், எது சிவக்கும் என்று யோசித்து நட்டதாம்!

கடைசியில் வந்தது அரண்மனை. மஞ்சள் சுவர், தட்டையான கும்மட்டம், அதைச் சுற்றி 64 வெள்ளைத் தூண்கள். 1777-ல் மகாராணி காதரின், பேரன் பிறந்த சந்தோஷத்தில் மகன் பாவெலுக்குக் கொடுத்த இடம். (நாமெல்லாம் அரைப் பவுன் மோதிரத்தோடு நிறுத்திக்கொள்வோம்!)

உள்ளே பட்டும் தங்கமும். 'இருநூறு வருஷமாக எப்படி மெயின்டெய்ன் பண்ணுகிறார்கள்!' என்று வியந்தபோதுதான் அந்த போட்டோ கண்ணில் பட்டது. 1944 ஜனவரி. கூரை இல்லை, தளம் இல்லை. கரிந்த சுவர்கள் மட்டும்.

அடியேன் பி.காம். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் 'ரைட் ஆஃப்'. கோடு போட்டுக் கணக்கை மூடிவிடுவோம்.

அவர்கள் மூடவில்லை.

1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது மியூஸியம் ஊழியர்கள் ராப்பகலாக மூட்டை கட்டினார்கள். தலைமை, அன்னா ஸெலெனோவா என்ற 28 வயதுப் பெண். எல்லா நாற்காலியையும் ஏற்ற முடியாது. செட்டுக்கு ஒன்றிரண்டு சாம்பிள். பழங்காலச் சிலைகளை நிலவறையில் நிறுத்தி, முன்னால் செங்கல் சுவர். தோட்டத்துச் சிலைகள் மண்ணுக்குள்.

பிறகு லெனின்கிராட் முற்றுகை. அந்தக் குளிர்காலத்தில் ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு ஒரு நாள் ரேஷன் என்ன தெரியுமா? 125 கிராம் ரொட்டி! அந்த வயிற்றோடுதான் ஐசக் தேவாலயத்தில் மூட்டைகளைக் காவல் காத்தார்கள்.

போர் ஓய்ந்ததும் சிலைகளைத் தோண்டி எடுத்தார்கள். இடிபாடுகளைச் சலித்து, உடைந்த சுவர் வேலைப்பாட்டைத் துண்டு துண்டாகப் பொறுக்கி, அதைப் பார்த்து மறுபடி செய்தார்கள். 1957-ல் முதல் சில அறைகள் திறந்தன. முழுசாக முடிய இன்னும் இருபது வருஷம்.

எது பழசு, எது புதுசு? ஆடிட்டர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது!

திரும்பும்போது ஓர் அணில், நான் கொடுத்த கடலையைத் தின்னாமல் மண்ணைப் பறித்துப் புதைத்துக்கொண்டிருந்தது. காலையில் பார்த்திருந்தால் 'மக்கு அணில்' என்று சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.